ஐந்து கிலோவுக்குள்

சமையலறைத் தராசு போதவில்லை.
மஞ்சக்குப்பம் மீன்கடையிலிருந்து
ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கினோம்.
செதில் ஒட்டிய தட்டில்
இரண்டு மீட்டர் விமானம் குறுக்காகப் படுத்திருக்க
மத்தியாஸ் குனிந்து படித்தார்:
நாலு கிலோ தொள்ளாயிரத்து எண்பது.
விதி, ஐந்து.
இருபது கிராம் மிச்சம்.
இனி ஒரு பூச்சு வார்னிஷ்கூட ஆகாது.

விதியில் ஓர் ஓரவஞ்சனை.
எஞ்சின் விமானத்தை
டேங்க் காலியாக நிறுக்கலாம்.
மின்சார விமானத்தை
பாட்டரியோடுதான் நிறுக்க வேண்டும்.
குடித்ததை விட்டுவிட்டு
கட்டுச்சோற்றுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறார்கள்.

அதனால்தான் இத்தனை வருடம் எஞ்சின்
என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
பொய்.
எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.
செங்குத்தாக ஏறுகையில் அது திணறுவதை
கண்ணுக்கு முன்னே காது சொல்லிவிடும்.
பதினோரு மணிக்கு உப்புக்காற்று திரும்பினால்
அதற்குத் தொண்டை கட்டும்.
ஊசியை இரண்டு கிளிக் திறப்பேன்,
தெளிந்து பாடும்.
இறங்கியதும் வயிறெல்லாம் எண்ணெய்.
துடைக்கக் கால் மணி.
அடுத்த நாள் ஆபீஸில் பக்கத்துச் சீட்டுக்காரி
என் துப்பட்டாவை மோந்து
யாருக்குப் பேதி என்றாள்.
விளக்கெண்ணெய் வாசனை அப்படி.

பாகூர் பக்கம்
அறுப்பு முடிந்த வயலில்தான் பயிற்சி.
திரும்பும் வழியில் செக்போஸ்ட்.
பாண்டி பக்கமிருந்து வருகிறோம்,
கையில் நாலு லிட்டர் கேன்.
காவலர் மூடியைத் திறந்து மோந்து
முகம் மாறினார்.
மெத்தனால் என்ற சொல்லை இந்தப் பக்கத்தில்
சாதாரணமாகச் சொல்ல முடியாது.
அது சில வீடுகளில்
கண்ணை எடுத்த பெயர்,
ஆளையே எடுத்த பெயர்.
ரசீது இருந்தது. உரிமக் கடிதம் இருந்தது.
விமானத்தையே இறக்கிக் காட்டினோம்.
அவர் சிரிக்கவில்லை.
'இதைக் குடிச்சா இது செத்துப்போகாதா?' என்றார்.
வீடு வரைக்கும்
நாங்கள் பேசவில்லை.

மோட்டார் வந்தது அந்த மாதம்தான்.

பத்து செல் பாட்டரி, ஒரு ஜோடி:
என் அரை மாதச் சம்பளம்.
கீழ்நோக்கிப் பாய்கையில் தானே தடுத்துக்கொள்ளும்,
ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகம்.
நடுவர்களுக்கு அதுதான் வேண்டும்.
தீர்ந்த பிறகும் ஒரு கிராம் குறையாது.
எஞ்சின் எட்டு நிமிடத்தில் இளைத்துத் திரும்பும்,
இது போன கனத்தோடே வரும்.
போன மழையில் ஒரு பாட்டரி
தவளை வயிறாய் உப்பியது.
உப்புத்தண்ணி வாளியில் முக்கி
வாசலுக்கு வெளியே வைத்து
ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

வயலில் சார்ஜ் போட ஜெனரேட்டர்.
அது பெட்ரோல் குடிக்கும்.
'புகையை இங்கேருந்து அங்கே மாத்தி வச்சிருக்கீங்க'
என்றார் நெல்லிக்குப்பம் தில்லைக்கூத்தன்.
போட்டியில் அவர்தான் எனக்குத் தலைவலி.
'சத்தமில்லாத வண்டியை மாடுகூட மதிக்காது, மேடம்.'
சொல்லிக்கொண்டே
எங்கள் ஜெனரேட்டரில்
தன் ஃபோனைச் செருகினார்.

அன்று முதல் முறை
மோட்டாரில் முழு வரிசையும் பறந்தேன்.
மத்தியாஸ் வழக்கம்போல் என் முதுகுக்குப் பின்னால்,
அடுத்த வித்தையைச் சொல்லும் ஆள்.
பாதி ரோல். மேலே. நாலு புள்ளி.
நடுவில் ஒரு இடம் வரும்:
தலைகீழாக, தாழ்வாக,
உருண்டுகொண்டே வட்டமிட வேண்டும்.
அங்கே ஏதோ ஒரு சின்னச் சத்தம்.
தாங்கி தேய்கிறதோ என்று பயந்தேன்.
இல்லை.
அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
மூக்கால் விடுகிறார், கொஞ்சம் கொஞ்சமாய்.
இத்தனை வருடமும்
அந்த வட்டத்தில் இதைத்தான் செய்தாரா?
கேட்கவில்லை நான்.
வட்டம் கோணிப்போனது.
ஒன்றரை மதிப்பெண் போயிருக்கும்.

எதை எடுத்துப் போவதென்று
தராசைக் கேட்டால் எண் சொல்கிறது.
நாளை காலை ஏழுக்கு என் முறை.
பாட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது,
கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

மத்தியாஸுக்குத்தான் இன்னும் பழகவில்லை.
எஞ்சினை மீறிக் கத்திய தொண்டை.
இன்று மாலை கடைசிப் பறப்பில்
வானம் அத்தனை அமைதியாக இருக்க
'இப்போ!' என்று அலறினார்.
வயலில் இருந்த கொக்கெல்லாம்
ஒரே நேரத்தில் எழும்பின.